தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடு

பாளையங்கோட்டை

அன்புள்ள அம்முவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் அப்பா போன் பண்ணினான். "அக்கா, ஒன் மருமக ஜெராக்ஸ் எடுத்ததுக்கு ஜெயிலுக்குப் போகப் போறாளாம், தெரிஞ்ச வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. நீ அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாய் என்று உன் அம்மா பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான் ஒருத்தி இருக்கும்போது, பதிப்புரிமைக்கு விளக்கம் கேட்க விடுதிப் பிள்ளைகளிடம் போயிருக்கிறாயே, எனக்கு அதுதான் மனத்தாங்கல். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

உன் சீனியர் சொன்னது, ஒரு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்தாலும் அது திருட்டு என்று. உன் அறைத்தோழி சொன்னது, நெட்டில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று. ஒருத்தி பயம் காட்டுகிறாள், இன்னொருத்தி தைரியம் கொடுக்கிறாள். ரெண்டு பேரும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

சீனியருக்கு அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியும். ஆங்கிலப் புத்தகங்களில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு மிரட்டல் இருக்கும். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எந்தப் பகுதியையும் எந்த வடிவத்திலும் நகலெடுக்கக் கூடாது என்று. அது பதிப்பாளரின் விருப்பம். ஆனால் 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52 என்று ஒரு பிரிவு இருக்கிறது. எதையெல்லாம் செய்தால் உரிமை மீறல் ஆகாது என்று அதில் நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்வது முதலிலேயே வருகிறது. விமர்சனம் எழுத மேற்கோள் காட்டுவதும் அங்கேயேதான். பாடம் நடத்துகிற போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுத்துக்கொள்ளத் தனியாக ஓர் உட்பிரிவே உண்டு. பதிப்பாளர் ஒரு பத்தி அச்சடித்துவிட்டதால் இதெல்லாம் ரத்தாகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், நீ இந்தக் கேள்வியை டெல்லியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாய். இதே கேள்விக்காக நாட்டிலேயே பெரிய சண்டை நடந்தது உன் பல்கலைக்கழகத்தில்தான்.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஷ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை, பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு நடந்த கடை. இந்தப் புத்தகத்தில் இந்த அத்தியாயம், அந்தப் புத்தகத்தில் அந்தக் கட்டுரை என்று பேராசிரியர்கள் வாசிப்புப் பட்டியல் கொடுப்பார்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் வரிசையாக நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு ஒரே கட்டாகக் கொடுப்பார். பக்கத்துக்கு 40 பைசா. ஓர் அத்தியாயம் படிப்பதற்காக ஆயிரக்கணக்கில் விலை போட்ட புத்தகத்தை எந்தப் பிள்ளை வாங்கும்? 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு ஃபிரான்சிஸும் சேர்ந்து அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை வந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. உன் வயசுப் பிள்ளைகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, எங்களையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேருங்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆசிரியர்களும் தனியாக ஓர் அமைப்பாக வந்து நின்றார்கள். யாருடைய புத்தகங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வழக்குப் போட்டார்களோ, அந்த நூலாசிரியர்களிலேயே பலர் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அமர்த்தியா சென்னும் தன் பங்குக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பின் நடுவில் அந்த மனுஷர் தான் சட்டம் படித்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது ஜெராக்ஸ் வசதி குறைவு, செலவும் அதிகம். மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுப்பார்களாம். அன்றைக்குக் கையால் செய்தபோது குற்றமில்லாதது, இன்றைக்கு மெஷினால் செய்வதால் மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் நூலகத்து நீள மேஜைதான் கண்ணில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியான நேரத்தில் பி.ஏ. பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து எழுதுவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் மீதியை மறுநாள் எழுதுவார்கள். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பாதி பிளேடு வைத்திருந்தார்கள். தையலை ஒட்டி அத்தனை நேர்த்தியாக அறுத்து எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் புத்தகம் முழுசாகத்தான் இருக்கும். உள்ளே 112-ஆம் பக்கத்துக்கு அடுத்து 131 வரும். வருஷாந்திரச் சரிபார்ப்பில் அதையெல்லாம் கண்டுபிடித்துப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்து வைப்பேன். வாசலில் ஜெராக்ஸ் கடை வந்த பிறகுதான் பிளேடு ஓய்ந்தது. அதனால் அந்த மெஷின் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. பதிப்பாளர்கள் மன்னிக்கட்டும்.

அந்தத் தள்ளுபடியை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்த டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பைத்தான் நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் நடத்துவது என்றால் வகுப்பில் வாத்தியார் பேசுகிற ஒரு மணி நேரம் மட்டுமல்ல, படிப்பு நடக்கிற காலம் முழுவதும் அதில் அடங்கும் என்றார்கள். இத்தனை பக்கம், இத்தனை சதவீதம் என்று கோடு போடவில்லை. பாடத்துக்கு அது தேவைதானா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். கடைக்காரரைக் கொண்டு எடுத்தாலும் தப்பில்லை. அந்தக் கட்டுகளில் இருந்தவை எல்லாம் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையா என்று விசாரிக்கும்படி மட்டும் வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். பதிப்பாளர்கள் அதுவரைக்கும் நிற்கவில்லை. 2017 மார்ச்சில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நகலெடுப்புக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கிற அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அங்கேயும் எடுபடவில்லை.

ஆகவே, பேராசிரியர் கொடுத்த பட்டியல்படி எடுத்த கட்டை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்காதே. மேஜைமேல் வை. முடிந்தால் படிக்கவும் செய்.

இதைக் கேட்டுவிட்டு நீ ஒரேயடியாகக் குதிப்பாய், அதுவும் தெரியும். பாடத்துக்குத் தேவை என்ற நிபந்தனையைத் தாண்டிவிட்டால் கதை வேறு. ஒரு பாடப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்து ஜூனியர்களுக்கு விற்றால் 52-ஆவது பிரிவு துணைக்கு வராது. முழுப் புத்தகத்தின் பிடிஎஃப்பை அறுநூறு பேர் இருக்கிற டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டு, சொந்தப் படிப்புக்காகத்தான் என்று யாரிடம் சொல்வது? நீ போடுகிறாய் என்று சொல்லவில்லை. போடுகிறவர்கள் யார் என்று உனக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறேன். அதேபோல, வகுப்பில் பேராசிரியர் பேசுவதைப் போனில் பதிவு பண்ணுவதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பண்ணு. தேர்வுக்குக் கேட்டுப் படித்துக்கொள், ஊர் சுற்ற விடாதே.

முழுப் புத்தகத்தை நகலெடுப்பதற்கும் ஓர் இடம் உண்டு. உன் வகுப்பில் பார்வை தெரியாத பிள்ளை யாராவது இருக்கிறார்களா? அவர்கள் படிக்கிற வடிவத்துக்கு ஒரு புத்தகத்தை மாற்றிக் கொடுப்பதற்கு 2012 திருத்தத்தில் வழி செய்திருக்கிறார்கள். உன்னைப் போன்ற தனி ஆளும் செய்யலாம். அதற்கெல்லாம் முன்பே எங்கள் நூலகத்தின் பின்னறையில் ஒரு பெண் தன் வகுப்புத் தோழிக்காக டேப்ரெக்கார்டரில் பாடங்களை வாசித்துப் பதிவு பண்ணுவாள். கேசட்டின் இருபுறமும் முடிந்ததும் வெளியே வந்து என்னிடம் தண்ணீர் கேட்பாள். சட்டம் என்ன சொல்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததுகூட இல்லை. உனக்கு ஸ்கேன் எடுக்கத் தெரியும், நேரமும் நிறைய இருக்கிறது. ரீல் போடுகிற நேரத்தில் பாதி போதும்.

ரீல் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லூரி விழாவில் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் முன்னால் பாட்டைப் போட்டு ஆடுவதற்கு அதே 52-இல் இடம் இருக்கிறது. அதைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டுவது அந்தச் சலுகையில் சேராது. உன் வீடியோவில் பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று புலம்பினாயே, அது இதனால்தான். சத்தமே இல்லாமல் நீ ஆடுவதைப் பார்த்துவிட்டு உன் தாத்தா, "நல்லாத்தான் ஆடுதா, எதுக்குன்னுதான் தெரியல" என்றார்.

நீ எனக்கு அனுப்பிய இன்னொரு வீடியோவில் ஒரு தாடிக்காரர் நாலு கேள்வி சொன்னார்: எதற்காக எடுக்கிறாய், மூலம் எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தாய், அதனால் அதன் விற்பனை அடிபடுமா. நல்ல கேள்விகள்தான், ஆனால் அவை அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆவது பிரிவில் இருப்பவை. அங்கே எந்தப் பயன்பாடானாலும் அந்த நாலையும் வைத்து நீதிமன்றம் எடைபோடும். இங்கே பட்டியலில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். யூடியூபில் சட்டம் படிக்கிறவள், அது எந்த நாட்டுச் சட்டம் என்று பார்க்க வேண்டாமா கண்ணு?

அறைத்தோழியின் தத்துவத்துக்கு வருகிறேன். ஒன்று நெட்டில் கிடைப்பதால் அதற்கு உரிமைக்காரர் இல்லை என்று ஆகாது. நம் நாட்டில் எழுதினவர் காலமாகி 60 வருடம் வரை உரிமை இருக்கும். முன்பு 50 தான். தாகூர் 1941-இல் காலமானார், 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த வருமானம் விஸ்வபாரதிக்குப் போய்க்கொண்டிருந்ததால், கடைசி வாரத்தில் அவசரச் சட்டம் போட்டு எல்லாருக்குமாகப் பத்து வருடம் நீட்டினார்கள். நம் பக்கத்தில் வேறு வழி. தமிழ்நாட்டு அரசு எழுத்தாளரின் வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து எழுத்தை நாட்டுடைமை ஆக்கிவிடும். பாரதிக்கு 1949-லேயே செய்தது அது. கல்கிக்கும் செய்தார்கள். அதனால்தான் பொன்னியின் செல்வனை ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். ஆனால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரின் உழைப்புக்குத் தனி உரிமை உண்டு. நீ உன் கட்டுரையில் ஆங்கிலப் பத்தி ரெண்டை அப்படியே போட்டுவிட்டு அடியில் கல்கி என்று மட்டும் எழுதியிருந்தாய். மொழிபெயர்த்தவர் பெயர் எங்கே போச்சு?

மேற்கோள் எடுப்பது பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி. ஒரு கரண்டி போதும், பால் உன்னுடையதாக இருக்க வேண்டும். உன் முதல் செமஸ்டர் கட்டுரையில் மூன்றாம் பக்கம் வந்தும் பாலைக் காணோம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, அம்மு. அனுமதி கேட்க வேண்டாம் என்று சட்டம் சொல்கிற இடத்திலும், எங்கேயிருந்து எடுத்தாய் என்று நீ சொல்லித்தான் ஆக வேண்டும். காலமாகி நூறு வருடம் ஆனவரின் வாக்கியத்தை உன் வாக்கியமாக எழுதினால் யாரும் உன்மேல் பதிப்புரிமை வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் ஆய்வேடு மாட்டிக்கொள்ளும். யுஜிசி 2018-இல் இதற்கு விதி போட்டிருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதித் தர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோர்ட்டைப் பற்றிக் கவலை இல்லை. உன் ஜெராக்ஸ் கட்டைப் பற்றித்தான். தீபாவளிக்கு நீ வந்தபோது உன் பையைக் குடைந்தேன், கோவிச்சுக்காதே. நாற்பது பக்கம் போலிருக்கும், 87-இல் ஆரம்பிக்கிறது. யார் எழுதினது, எந்தப் புத்தகம், எந்த வருஷம், ஒன்றும் இல்லை. ஓரத்தில் பச்சை ஹைலைட்டர், பக்கத்தில் 'ரொம்ப முக்கியம்!!' என்று உன் கையெழுத்து. ஏட்டி, அவ்வளவு முக்கியமானதைச் சொன்னவருக்குப் பெயர் கிடையாதா?

இனிமேல் கடையில் நிற்கும்போது இந்த வரிசையில் எடுக்கச் சொல். முதலில் தலைப்புப் பக்கம். அடுத்து அதன் பின்பக்கம்; பதிப்பு, வருடம், ஊர், உரிமை யாருக்கு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு உனக்கு வேண்டிய அத்தியாயம். கடைசியில், புத்தகத்தின் பின்னால் இருக்கிற அந்த அத்தியாயத்துக் குறிப்புகள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், பிறகு கட்டுரையில் 34 என்று ஒரு பொடி எண்ணைப் பார்த்துவிட்டு முழிப்பார்கள். கூடுதலாகச் சில ரூபாய் ஆகும். முதல் தாளின் மூலையில் நூலக அழைப்பு எண்ணைப் பென்சிலால் எழுதிவிடு. போனில் படம் எடுத்தாலும் இதே வரிசைதான். நோட்டில் குறிப்பு எடுக்கும்போது, அவர் வார்த்தையை அப்படியே எழுதினால் அந்த நிமிஷமே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணை எழுது. உன் வார்த்தையில் சுருக்கினால் குறி வேண்டாம், பக்க எண் வேண்டும். அப்புறம் போட்டுக்கலாம் என்று விட்டால், ஆறு மாதம் கழித்து எது அவர் எழுதியது, எது நீ எழுதியது என்று உனக்கே அடையாளம் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு காப்பியடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மாட்டிக்கொள்கிற நல்ல பிள்ளைகள் எல்லாம் இந்த இடத்தில் சோம்பேறித்தனம் பட்டவர்கள். வைவாவுக்கு முந்தின வாரம் ஒரே ஒரு பக்க எண்ணுக்காக நூலகத்தில் அலைகிற ஆராய்ச்சி மாணவர்களை வருஷம் தவறாமல் பார்த்தவள் நான். "நீல அட்டைப் புத்தகம் மேடம், இந்த அலமாரியில்தான் இருந்தது" என்பார்கள். நீல அட்டை!

ஜெராக்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் உங்கள் நூலகத்தின் தளத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பணம் கட்டியாகிவிட்டது, அதைத் திருட்டுத் தளத்தில் போய் ஏன் தேட வேண்டும்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் சட்டம் இல்லை, என் அபிப்பிராயம்தான். தமிழில் சின்னப் பதிப்பகக்காரர் கடன் வாங்கி முந்நூறு பிரதி அடித்த புத்தகம் என்றால் வாங்கிவிடு. காசு இல்லை என்றால் என்னிடம் கேள். லண்டன் பதிப்பகத்தையும் இவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வராது.

கடைசியாக, நீ போகிற போக்கில் உன் அப்பாவிடம் சொன்ன சமாச்சாரம். உன் எம்.ஏ. ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதியைத் தொகுப்பு நூலில் போடக் கேட்டிருக்கிறார்களாமே! அதை முதலில் எனக்குச் சொல்லாமல் ஜெராக்ஸுக்கு அழுதிருக்கிறாய். இப்போது நீயே உரிமைக்காரி. எழுதி முடித்ததுமே உரிமை உனக்கு வந்துவிட்டது, எங்கேயும் பதிவு பண்ண வேண்டியதில்லை. அவர்கள் தருகிற ஒப்பந்தத்தில் உரிமையையே எழுதிக் கேட்கிறார்களா, வெளியிடுவதற்கு அனுமதி மட்டும் கேட்கிறார்களா என்று பார். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். அது தெரிந்தவர்கள் உலகம் முழுவதற்கும், உரிமைக் காலம் முடிகிற வரைக்கும் என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள். நீ ரெண்டு கேள்: தமிழில் மொழிபெயர்க்கிற உரிமை உன்னிடமே இருக்கட்டும், நாளைக்கு உன் சொந்தப் புத்தகத்தில் இந்தப் பகுதியைச் சேர்த்துக்கொள்ளத் தடை இருக்கக் கூடாது. கேட்பதற்குக் கூச்சப்படாதே, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாலும் இது என் எழுத்து என்று சொல்லிக்கொள்கிற உரிமை 57-ஆவது பிரிவின்படி உன்னிடம்தான் இருக்கும். அச்சுச் செலவுக்கு என்று உன்னிடமே பணம் கேட்டால் மட்டும் பதில் போடாமல் விட்டுவிடு.

இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாதே. முன்பக்கம், பின்பக்கம், இணைப்பு என்று ஒன்று விடாமல் ஸ்கேன் எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. தேதி நெருக்கடி என்று அவர்கள் அவசரப்படுத்தினால், எங்கள் அத்தை படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்.

அன்புடன்,
அத்தை